காய்ச்சலோடு யாரும் படியேறக் கூடாது

என் உயிரான ஷீலாக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் சர்ச் பங்குத் திருவிழாவில் ஆல்பர்ட் அங்கிள் நம் இளையோர் பாடகர் குழுவை நடத்தவில்லை. கோயிலுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில், மாஸ்க் போட்டுக்கொண்டு நின்று பாட்டைக் கேட்டார். அங்கே நிற்க வைத்தது நான்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அக்கா. உன்னிடம் நல்ல பிள்ளை வேஷம் போட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது?

இரண்டு வருடத்துக்கு முன் நடந்ததை இங்கே எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

அவருடைய சட்டம் உனக்கு மனப்பாடம். திருவிழாவுக்கு முந்தைய வாரத்தில் ஒரு பயிற்சிக்கு வராவிட்டாலும் பாட முடியாது. தி.நகரில் துணி எடுத்துத் தைத்த சீருடையை அலமாரியில் மடித்து வைத்துவிட்டு, கீழே பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். அம்மா அப்பா வந்து கெஞ்சினாலும் மசிய மாட்டார். என்ன ஒழுக்கம், என்ன கட்டுப்பாடு என்று பங்கே மெச்சியது. பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொண்டது, காய்ச்சல் வந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்பதைத்தான். மழைக்காலத்தில் மயிலாப்பூரே இருமிக்கொண்டிருக்கும். கோயில் மாடியில் நம் பாடகர் மாடத்தில் மட்டும் யாருக்கும் ஒன்றுமே இருக்காது!

கச்சேரி ரோட்டு ஹாரன் சத்தம் கேட்கிறதென்று ஜன்னல்களையும் சாத்திவிடுவார். பிறகு அந்தப் பால். மிளகும் பனங்கற்கண்டும் போட்டு, ஒரு பெரிய எவர்சில்வர் தம்ளரில், கை மாற்றிக் கை மாற்றி வரும். தண்ணீரை அண்ணாந்து குடிக்கிற பிள்ளைகள் கொதிக்கிற பாலை எப்படி அண்ணாந்து குடிப்பார்கள்? எல்லோரும் வாய் வைத்துத்தான் குடித்தார்கள். "நாமெல்லாம் ஒரே குடும்பம், ஒரே தம்ளர்" என்பார். தொண்டைக்கு நல்லதாம்.

உனக்கு லூபஸ் என்று அவருக்குத் தெரியும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறாய், காய்ச்சல்காரர்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று அடையாறு டாக்டர் சொன்னதை என்னை வைத்துக்கொண்டுதான் அவரிடம் சொன்னாய். "ஜெபம் பண்ணிக்கிறோம்மா" என்றார். "ஜெபம் பண்ணா ஜன்னல் தானா தொறந்துக்குமா அங்கிள்?" என்று கேட்டேன். நீ என் கையைக் கிள்ளினாய். அந்த வாரம் முழுக்க நீயும் ஒரு பயிற்சி விடாமல் போனாய். ஏன் அக்கா போனாய்? அந்தச் சீருடை அவ்வளவு பெரிதா?

அந்த வருடம் தனிப்பாட்டு ப்ரீத்திக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை. உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்று திருவிழா அன்று அவளே போய் அவரிடம் சொல்லியிருக்கிறாள். "பிஷப் வர்றாரு, இன்னிக்குப் போய் கவுத்துடாதே" என்று ஒரு காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்து உன் பக்கத்தில் நிறுத்தினார். தம்ளர் அவளிடமிருந்து உன்னிடம் வந்தது. சில நாளில் உனக்கு மூச்சு வாங்கியது. பிறகு ஐசியு. பிறகு நீ இல்லை.

இதையெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் ப்ரீத்திதான் என்னைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "நான்தான் கொன்னுட்டேன்க்கா" என்றாள். அந்த நேரம் ஆல்பர்ட் அங்கிள் கையில் மைக். "பரலோகப் பாடகர் குழுவுக்கு ஒரு நல்ல குரல் தேவைப்பட்டுச்சு, ஆண்டவர் எடுத்துக்கிட்டாரு" என்று பேசிக்கொண்டிருந்தார். எல்லோரும் அழுதார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் குழுவை நடத்த ஒரு ஆள் தேவைப்படவில்லையா? இவரையே எடுத்திருக்கலாமே?

பிறகு நேரில் போய்க் கேட்டேன். "பஸ்ல ஒட்டிச்சோ, ஆட்டோல ஒட்டிச்சோ, யாருக்குத் தெரியும்?" என்றார். டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியவில்லைதான். அது அவருக்குப் போதுமாக இருந்தது. ப்ரீத்திக்குப் போதவில்லை, அவள் பாட்டையே விட்டுவிட்டாள். "அவளிடமாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள், உன் தப்பில்லை என்று" என்றேன். "காலம் ஆத்தும்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த மனிதர் தன் வாயால், ப்ரீத்தியின் முகத்தைப் பார்த்து, அதைச் சொல்ல வேண்டும். சொல்ல வைக்காமல் விடுவதில்லை.

பங்குத்தந்தையிடம் போய், பாடகர் குழுப் பிள்ளைகளின் உடல்நலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அக்கா நினைவாகச் சேவை செய்கிறாள் என்று பங்கே உருகியது. சேவையாவது ஒன்றாவது! அவருடைய சட்டத்தை ஒவ்வொன்றாக உடைக்கப் போனேன்.

ஜன்னல்களைத் திறந்தேன். தம்ளரை நிறுத்திவிட்டு, அவரவர் வீட்டிலிருந்து பாட்டிலில் வெந்நீர் கொண்டுவரச் சொன்னேன். காய்ச்சலோ இருமலோ இருந்தால் படியேறக் கூடாது, வராததால் யாருக்கும் இடம் போகாது என்று ஃபாதரையே பூசையில் அறிவிக்க வைத்தேன். தனிப்பாட்டை இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஒருத்தி படுத்துவிட்டால் இன்னொருத்தி பாடுவாள் என்றேன். "இன்னாம்மா இது, பாட்டு கிளாஸா ஆஸ்பத்திரியா?" என்று அங்கிள் குதித்தார். பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் கோணுவதைப் பார்க்கவே ஒரு பயிற்சி விடாமல் போனேன். ஒரு பாட்டும் ஒழுங்காக வராத நான்!

ப்ரீத்தியை அவள் வீட்டுக்கே போய் அழைத்து வந்தேன். "பாட வேணாம், சும்மா வந்து உக்காரு" என்றேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், போகப்போகச் சின்னப் பிள்ளைகளுக்குச் சுருதி சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

இந்தத் திருவிழா அன்று சாயங்காலம், மாடிப்படி வாசலில் நான் நின்றிருந்தேன். அங்கிள் வந்தார். கண் சிவந்திருந்தது, தைல வாசனை தூக்கியது. கையைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

"காய்ச்சலா அங்கிள்?"

"லேசா கீது. மாத்திரை போட்டுக்கினேன், சரியாப்பூடும்."

"வீட்டுக்குப் போங்க."

"எனக்கேவா? கல்யாணம் ஆன வருஷத்துலேருந்து ஒரு திருவிழா விட்டதில்லம்மா நானு."

"எங்கக்காவும் விட்டதில்ல."

அவர் என்னைத் தாண்டி மேலே பார்த்தார். படியில் ப்ரீத்தி நின்றிருந்தாள். "புள்ளைங்க முன்னாடி அசிங்கப்படுத்தாதம்மா" என்று குரலைத் தாழ்த்தினார். பையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து அவர் கையில் வைத்தேன். "இதைப் போட்டுக்கிட்டு, அவகிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுப் போங்க" என்றேன். என் குரல் எனக்கே கொடூரமாகக் கேட்டது. பிடித்தும் இருந்தது.

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். பிறகு சொன்னார்: "ப்ரீத்தி, காய்ச்சல்னு நீ வந்து சொன்னே. வூட்டுக்கு அனுப்பாம மாத்திரை குடுத்து நிக்க வெச்சது நான். ஷீலா போனதுக்கு நீ காரணம் இல்லம்மா. பழி என்னுது."

"இதை அன்னிக்கே ஏன் அங்கிள் சொல்லல?" என்று கேட்டாள் ப்ரீத்தி. நான் வெளியே கையைக் காட்டியதும் அவர் போய்ச் செருப்பு விடும் இடத்தில் நின்றார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். அன்றைக்குக் குழுவை அவள்தான் நடத்தினாள். ஓர் இடத்தில் தாளம் தவறியது, யாரும் சாகவில்லை.

அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால் என் வயிற்றெரிச்சல் அடங்கும் என்று நினைத்திருந்தேன் அக்கா. அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து உன் கட்டிலில் படுத்து அழுதேன். அவரை ஜெயித்தேன், உன்னைக் கொண்டுவர முடியவில்லையே.

காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்தாள். அவர் கிளம்பும்வரை நான் அறையை விட்டு வரவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது, "என்னை மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். "அடுத்த வருஷம் நான் நடத்தலாமா?" என்றார்.

"ப்ரீத்தியைக் கேளுங்க அங்கிள்."

அவள் என்ன சொன்னாலும் சரி என்பேன். ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எந்த பிஷப் வந்தாலும், யார் கெஞ்சினாலும், உடம்பு சுடுகிற ஒரு பிள்ளையை அந்த மாடத்தில் நிற்க விடமாட்டேன். அவரை மன்னிக்கவும் மாட்டேன். அவள் பாடட்டும், அவர் கேட்கட்டும்.

யார் சொல்லியும் மனசு இளகாத
உன் தங்கச்சி,
ரீட்டா