டப்பாவில் கல்லாகிப்போன பிஸ்கட்டைப் பற்றி பிலோவுக்கு

என் அன்பான கழுதை பிலோவுக்கு,

இந்த அகாலத்தில் உன்னைத் தொந்தரவு செய்வதற்கு மன்னித்துக்கொள். விடுதியில் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, "இனி எவளாவது பேசினால் செருப்பு பறக்கும்" என்று மிரட்டுகிறவள் நீ. ஆனால் பகலில் நான் பேனாவைத் தொட்டாலே இந்த வீட்டில் எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். மல்லிகா இப்போதுதான் தூங்கினாள். அவளுக்கு மூன்று வயதானது உனக்குத் தெரியும். எனக்கு இது ஏழாம் மாதம் என்பது உனக்குத் தெரியாது. எழுதினேன், வந்து சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம். செத்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறார் என் மாமியார். படுவேன். உன்மேல், இவர்மேல், அப்படிச் சொல்லும் அத்தைமேல், உன் வீட்டுக்காரர்மேல், எல்லார்மேலும். யார்மேல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத்தான் எனக்கு விஷயம் போதவில்லை.

டிசம்பரில் நீ அனுப்பிய டப்பா வழக்கம்போல் சேலம் பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் அண்ணன் எருமப்பட்டி நிறுத்தத்தில் இறங்கி என் கையிலேயே கொடுத்தார். உள்ளே ஒரு சீட்டு: 'இந்தத் தடவை வெண்ணெய் கொஞ்சம் கம்மி. கல்லு மாதிரி இருந்தால் திட்டாதே. நான் சுகம்.' அந்த வாரமே மல்லிகாவுக்கு அம்மை போட்டுவிட்டது. ஆத்தா வந்திருக்கும் வீட்டில் முட்டை போட்ட பண்டம் இருக்கலாமா? அத்தை டப்பாவைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகைப் பரண்மேல் போட்டுவிட்டார். அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிந்தது, பொங்கல் வந்தது, நான் மறந்தே போனேன். மாசி மாதம் இறக்கிப் பார்த்தால் மூடி ஒரு பக்கம் நெளிந்து, காற்றுப் புகுந்து, அத்தனை பிஸ்கட்டும் கல். மல்லிகா ஆசையாய்க் கடித்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள்.

"லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல்லுத் தேடிக்கிட்டு இருந்தேன், ரெண்டு குடு" என்றார் இவர்.

"அட, உரல்ல போட்டு இடிச்சுக் கஞ்சில கலக்கிக் குடிச்சாப் போவுது. இதுக்குப் போயிக் காலேசு படிச்சவ இந்தப் பாடு படோணுமா?" என்றார் அத்தை.

நான் விடவில்லை. இட்லிக் கொப்பரையில் துணி விரித்து ஆவி காட்டினேன். மேலெல்லாம் கூழ், உள்ளே கல். வெந்நீரில் பிழிந்த துணியைச் சுற்றி வைத்தேன். துணி நாற்றம்தான் ஏறியது. பாலில் ஊறப்போட்டேன். மல்லிகா பாலை மட்டும் குடித்துவிட்டு, அடியில் கிடந்ததை எடுத்து என்மேல் வீசினாள்.

அப்போதுதான் விடுதி ஞாபகம் வந்தது. தபசு காலத்தில் இனிப்பைத் தொடமாட்டேன் என்று நீ டப்பாவைப் பூட்டி வைப்பாய். எங்களையும் தொடவிடமாட்டாய். ஈஸ்டருக்குத் திறந்தால் இதே கதை. விடுதியில் ரொட்டி காய்ச்சல்காரிகளுக்கு மட்டும்தான். நீ என்னைப் பிடித்துப் படுக்கவைத்து, அக்குளில் வெங்காயத்தைச் செருகி, உடம்பு சுட்டதும் வார்டனிடம் போய் அழாத குறையாகப் பேசி இரண்டு துண்டு ரொட்டி வாங்கி வந்தாய். அதை டப்பாவுக்குள் போட்டு மூடினாய். மறுநாள் பிஸ்கட் புதிதாய்ச் சுட்டதுபோல் இருந்தது. ஆனால் எத்தனை நேரம் வைத்தாய்? ரொட்டி பிஸ்கட்டைத் தொடலாமா, கூடாதா? நான் எதையும் பார்க்கவில்லை. வெங்காயத்தோடு படுத்துக் கிடந்தேன்.

அதைக் கேட்டுத்தான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன். நான் மறுபடி உண்டாகியிருக்கிற சேதியையும் அதில்தான் எழுதினேன். பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தில், 'டீச்சரம்மாவுக்குப் பட்டிக்காட்டுக்காரியின் ஞாபகம் எப்படி வரும்?' என்று கேட்டேன். மூன்றாவதில், 'இனி உன் டப்பாவும் வேண்டாம், நீயும் வேண்டாம்' என்று எழுதினேன். மூன்றையும் நாமக்கல் தபாலாபீசில் போடச் சொல்லி இவர் கையில்தான் கொடுத்தேன்.

சாப்பிட உட்காரும்போதெல்லாம் உன்னைத் திட்டினேன், பிலோ. இவர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். என் பக்கம்தான் நியாயம் என்று ஒத்துக்கொள்கிறார்போல என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, நீ இல்லாவிட்டால் போ என்று, நானே கண்டக்டர் அண்ணனிடம் ஒரு ரொட்டி வாங்கிவரச் சொன்னேன். புதன்கிழமை கொண்டுவந்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஊட்டுல ஆருக்குங்க காச்ச?"

"யாருக்கும் இல்லைங்கண்ணா. பிஸ்கட் டப்பாவுல போடறதுக்கு."

"காச்ச இல்லாத ரொட்டி வாங்கறது இந்த ரூட்டுலயே நீங்க ஒருத்தருதானுங்க" என்று சிரித்தார். பிறகு, "அந்த டீச்சரம்மா குடுத்த டப்பாவுங்களா? இன்னுமா வெச்சிருக்கீங்க? பாவமுங்க. அன்னைக்கே காலு ரெண்டும் அப்பிடி வீங்கிக் கெடந்துச்சு. செருப்பு ஏறலைன்னு வெறுங்காலோடதான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து குடுத்தாங்க. பொங்கலுக்கு முன்னாலயே பிரசவத்துல தவறிட்டாங்களே" என்றார்.

நான் என்ன முகம் காட்டினேனோ, அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மிணி, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"குழந்தை?" என்றேன்.

"அது தெரியலீங்களே." டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பஸ் போய்விட்டது.

ரொட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு நடந்தேன். வழியில் மூன்று பேர் காய்ச்சல் யாருக்கு என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. வியாதி பெரிசு என்று அவர்களே முடிவு கட்டியிருக்க வேண்டும். நான் வாசலை மிதிக்கும் முன்பே இவர் தோட்டத்திலிருந்து ஓடி வந்துவிட்டார். "பாப்பாவுக்கா? நாமக்கல் போக கார் சொல்லட்டுமா?"

"பிலோ செத்துட்டாளா?" என்று கேட்டேன்.

இவர் அத்தையைப் பார்த்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

"நாந்தான் சொல்லவேண்டாம்னேன், அவனத் திட்டாத" என்றார் அத்தை. "வாயும் வயிறுமா இருக்கறவ காதுல அதப் போடலாமா சாமி? கேட்டதும் உனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

தை மாதம் கறுப்புக் கரை போட்ட கார்டு வந்திருக்கிறது. துக்கக் கார்டைப் படித்ததும் கிழித்து வெளியே எறிய வேண்டும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வாசலிலேயே கிழித்துக் குப்பைக்குழியில் போட்டுவிட்டார் இவர். என் மூன்று கடிதங்களும் இரும்புப் பெட்டியில் முத்திரை குத்தாத தபால் தலையோடு கிடந்தன. "எங்கேன்னு போடறது, நீயே சொல்லு" என்றார். மூன்றையும் அள்ளி எடுத்துக்கொண்டேன். அந்தக் கோபம் தனி.

"குழந்தையப் பத்தி என்ன போட்டிருந்துச்சு?"

"மேல ரெண்டு வரிதான் படிச்சேன். உன் வயித்தப் பார்த்தேன், கிழிச்சுட்டேன்."

நான் குப்பைக்குழிக்குப் போனேன். சிரிக்காதே. அந்தக் குப்பை போன மாதமே எருவாகி வெங்காயக் காட்டுக்குப் போய்விட்டது.

இப்போது உன்னிடம் வருகிறேன். வெண்ணெய் கம்மி என்று எழுத அந்தச் சீட்டில் இடம் இருந்தது. 'உண்டாகியிருக்கிறேன், கால் வீங்கியிருக்கிறது' என்று எழுத இடம் இல்லையா? 'நான் சுகம்' என்று எழுதினாயே, யாருக்காக? அந்தக் காலோடு மாவு பிசைந்து, தட்டுத் தட்டாக ரொட்டிக் கடைக்குச் சுமந்து, கடைக்காரன் தன் ரொட்டியெல்லாம் எடுத்து முடியும்வரை அடுப்படியில் நின்று சுட்டு வாங்கி எனக்கு அனுப்ப வேண்டுமென்று எவள் அழுதாள்? ஒரு வருஷம் பிஸ்கட் வராவிட்டால் நான் செத்தா போவேன்?

ரசத்தில் புழு மிதந்த அன்றைக்குச் சட்டியோடு தூக்கிக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனவள் நீ. உனக்கென்று வந்தபோது அந்த வாய் எங்கே போயிற்று? சொன்னாயா, யாரும் கேட்கவில்லையா? கேட்டார்கள், தாமதமாகிவிட்டதா? சேலம் பெரிய ஆஸ்பத்திரி உன் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? அல்லது நீ சொல்லவே இல்லையா?

இதெல்லாம் எனக்கு எதற்கு என்கிறாயா? பத்து நாளாக என் காலும் வீங்குகிறது, பிலோ. முதலில் காலையில் வடிந்துவிடும். இப்போது வடிவதில்லை. மெட்டி இறுகிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழற்றினேன். அத்தைக்கு மெட்டியைக் கழற்றியதுதான் குற்றமாகப் பட்டது. "புள்ளத்தாச்சிக்குக் காலு வீங்காம ஆருக்கு வீங்கும்? பார்லி காச்சிக் குடி" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டலாம் என்றால், "வெங்காயம் லோடு போவட்டும், போலாம்" என்கிறார் இவர். ரொட்டியைப் பார்த்ததும் கார் சொல்ல ஓடிய மனுஷர்தான்!

வியாழக்கிழமை பகல் முழுக்க ரொட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். சாயங்காலம் ஆத்திரம் தாங்காமல் அந்த ரொட்டியை அறுத்து, இரண்டு துண்டைப் பிஸ்கட்டின்மேலேயே வைத்து, மூடியைச் சுத்தியால் தட்டி நெளிவெடுத்து இறுக்கி மூடினேன். இன்று சாயங்காலம் திறந்தேன். ரொட்டி பலகை மாதிரி காய்ந்துவிட்டது. பிஸ்கட் விரலில் அமுங்குகிறது. ரொட்டி பிஸ்கட்டை நேராகவே தொடலாம், ஒரு நாள் போதும். ஆனால் ஈரம் ஏறியது நிற்காது, பூசணம் பூத்துவிடும். இரண்டு மூன்று நாளில் தின்று தீர்க்க வேண்டும். எனக்கு வேண்டிய பதிலை நானே கண்டுபிடித்துக்கொண்டேன், உனக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

உன் காலைப் பற்றிக் கண்டக்டர் அண்ணன் சொன்னதைச் சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் கொடுத்தேன். மல்லிகா நாலு தின்றாள். இவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு விழுங்கத் தெரியாதவர் மாதிரி நின்றார். அத்தை வெள்ளிக்கிழமை முட்டை தொடமாட்டார். இன்றைக்குத் தானே கை நீட்டி ஒன்று கேட்டார். பல் இல்லாத வாயில் ஒதுக்கி மென்றுகொண்டே, "மெத்துன்னுதான் இருக்குது. பாவி மக, அந்தக் கால வெச்சுக்கிட்டு எப்படித்தான் சுட்டாளோ" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. சேலையை முழங்கால்வரை தூக்கி, காலை நீட்டி அவர் முன்னால் வைத்தேன். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திக் காட்டினேன். குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வரவே இல்லை. "இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் இன்னும் எத்தனை லோடு வரைக்கும் காத்திருக்கணும், அத்தை?" என்றேன்.

அத்தை குனிந்து பார்த்தார். தானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்து, "வெங்காயம் அழுவுனா அழுவட்டும்டா. காலைல இவளக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் சேலம் போகிறோம். இவர் மனசு மாறினாலும் நான் போவேன். டாக்டரம்மா என்ன கேட்டாலும் மறைக்காமல் சொல்வேன். இங்கேயே இரு என்றால் பிரசவம்வரைக்கும் அங்கேயே கிடப்பேன், எவர் முகம் சுளித்தாலும் சரி. 'நான் சுகம்' என்று யாருக்கும் எழுதமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. இன்னொன்றும் உண்டு. உன் பிள்ளை இருக்குமானால், என் பாலில் அதற்கும் பாதி. கேட்காமல் வந்து தூக்கிக்கொள்வேன்.

இதைச் சேலத்தில் என் கையாலேயே பெட்டியில் போடுவேன். உறையை ஒட்டமாட்டேன். அயோத்தியாப்பட்டணத்தில் உன் வீட்டில் யார் கைக்குப் போனாலும், தபால்காரரே ஆனாலும், படிக்கட்டும்.

படிக்கிறவர்களுக்கு: பிலோவுக்குக் கால் வீக்கம் எந்த மாதத்தில் தொடங்கியது? வேறு என்னவெல்லாம் செய்தது? ஆஸ்பத்திரிக்கு எப்போது கொண்டுபோனீர்கள், டாக்டர் என்ன சொன்னார்? பிள்ளை இருக்கிறதா? நான் சண்டைக்கு வரமாட்டேன். கர்ப்பிணி என்று பார்த்து எதையும் மறைக்காதீர்கள். எனக்கு இன்னும் இரண்டே மாதம்தான் இருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
பிலோவின் பிள்ளைக்குப் பெரியம்மா,
பழனியம்மாள்