கோழித்தலை யார் பக்கம்

கோலியர்ஸ் வுட், லண்டன்
19.01.2004

அன்பின் மெற்றில்டாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகமாக இருக்கிறேன். உன் இருமல் எப்படி? ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மல்லித்தண்ணியோடு சமாளிப்பாய் என்று எனக்குத் தெரியும். ரெலிபோனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் விசாவுக்கு என் வேலைக் கடிதத்தைப் பெப்ரவரி ஐந்தாம் திகதிக்கு முன் கொழும்பில் கொடுக்கவேண்டும் அல்லவா? எங்கள் சீன மனேஜர் மிஸ்டர் லியோங்கிடம் மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் சிரித்தபடி "பார்ப்போம்" என்றார்.

பிழை என்னுடையது. மார்கழியில் ஒருநாள், நாங்கள் சாமான் கொடுக்கிற சாப்பாட்டுக்கடை முதலாளிமார் ஸ்ரோருக்கு வந்திருந்தபோது, அரிசி திங்கட்கிழமை வரும் என்று அவர் சொன்னார். நான் எல்லார் முன்னாலும், இல்லை சேர், வியாழன்தான், நீங்கள் மாறிச் சொல்கிறீர்கள் என்றேன். கெட்டித்தனம் என்ற நினைப்பு, மடையன்! அவர் கோபிக்கவே இல்லை. அன்று முதல் தன் கையாலேயே எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருகிறார். நான் களைத்துப்போய் இருக்கிறேனாம், ஓய்வு வேண்டுமாம், காலைக் கூட்டத்துக்கு வரத் தேவையில்லையாம். முந்தி நான் வேலை செய்த பெற்றோல் ஷெட் முதலாளி பாலேந்திரா என்றால் சனத்தின் முன் கத்திவிட்டுப் பின்னேரம் தோளில் கைபோடுவார். கத்துகிற மனிதனை நம்பலாம். இந்தச் சிரிப்பை நான் எப்படி நம்புவது?

எங்கள் ஸ்ரோர் சுப்பவைசர் சூசைதாசன் அண்ணையைப் பற்றி எழுதியிருக்கிறேன், என்னை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டவர். அவர்தான் விளங்கப்படுத்தினார். "தம்பி, இவையள் ஏலாது எண்டு முகத்துக்கு நேரை சொல்லமாட்டினம். பார்ப்பம் எண்டால் இல்லை எண்டுதான் அர்த்தம்" என்றார். இன்னொன்றும் சொன்னார். தை மாதம் வருகிற சீன வருடக் கடைசி விருந்தில் முழுக்கோழி தலையோடு வருமாம். முந்திய காலத்தில் முதலாளி அந்தத் தலையை யார் பக்கம் திருப்பி வைக்கிறாரோ அவருக்கு வேலை போய்விட்டது என்று அர்த்தமாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று மத்தியானம் அந்த விருந்து. மேல்பலகை சுழலுகிற வட்ட மேசை. கோழி வந்தது. மிஸ்டர் லியோங் தட்டைத் தன் கையால் வாங்கி வைத்தார். தலை என்னைப் பார்த்தது.

மெற்றில்டா, உன்னிடம் மறைக்கமாட்டேன். மீன் எடுக்கிற சாட்டில் நான் மேசையை மெல்லச் சுழற்றினேன். தலை சூசைதாசன் அண்ணைக்கு நேரே போய் நின்றது. அண்ணை கோழியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதற்குள் மிஸ்டர் லியோங் எட்டித் தலையை முறித்துத் தன் கோப்பையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் சாப்பிடச் சொன்னார். ஒருவரையும் சபையில் வெட்கப்படுத்தமாட்டார், அது அவருடைய முறை.

இன்று காலை என்னைத் தனியே கூப்பிட்டார். வேலைக் கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அதில் என்னைச் சுப்பவைசர் என்று போட்டிருக்கிறது. அப்போ அண்ணை என்று இழுத்தேன். சூசைதாசன் களைத்துப்போனார், ஓய்வு வேண்டும் என்றார், அதே சிரிப்போடு. இது முதலே தீர்மானித்ததா? அல்லது என் விரல் மேசையில் இருந்ததை அவர் கண்டாரா? கெட்டவர் என்றும் சொல்ல முடியவில்லை. அண்ணையின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாள் தவறாமல் சூப் அனுப்பியவர். அந்தச் சூப்பையும் இப்போது சந்தேகத்தோடுதான் நினைக்கிறேன். என்னைப் பற்றி அதைவிடச் சந்தேகமாக இருக்கிறது.

அண்ணைக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இன்றும் மத்தியானம் தன் பாணில் பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கவா என்று உன்னைக் கேட்கத்தான் எழுதத் தொடங்கினேன். உன் பதில் வந்துசேர முன் திகதி போய்விடும். அதனால் அதையும் இதே உறைக்குள் வைத்திருக்கிறேன்.

மடுமாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்ததும் முதல் வேலையாகச் சட்டன் என்ற இடத்தில் இருக்கிற அண்ணை வீட்டுக்குப் போவோம். கதவை நீதான் தட்டவேண்டும். நான் உனக்குப் பின்னால் நிற்பேன்.

உன் வரவுக்காக ஏங்கும்,
அருள்நேசன்