அவனுக்கும் நான்தான் எடுத்துக் குடுத்தேன்

ஓக்லஹோமா
சனிக்கிழமை

அன்புள்ள ஷெல்பிக்கு அம்மா எழுதுறது. அந்தக் குளிர்ல நீயும் குழந்தை ஜூனியும் சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும். இங்க நானும் உன் அப்பாவும் உசுரோட இருக்கோம், அதுக்கு மேல கேக்காத. ஆலங்கட்டி மழையில கொட்டகைக் கூரை பொத்தலாயிடுச்சு, அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் இன்னும் வடியல, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்ல. அந்த வாயாலதான் போன ஞாயித்துக்கிழமை சர்ச்சு வாசல்ல உன் புருஷன் ட்ராவிஸ்கிட்ட, நீ மொன்டானாவுல பில்லிங்ஸ்ல இருக்கன்னு உளறிட்டு வந்திருக்காரு. பெத்த பொண்ணு அடி தாங்காம புள்ளையத் தூக்கிக்கிட்டு மூணு மாநிலம் தாண்டி ஓடிருக்கா, இந்த மனுஷன் அவன் குடுத்த கெளுத்தி மீனை வாங்கிக்கிட்டு ஊரைச் சொல்றாரு. கேட்டா, அவன் திருந்திட்டான் வெர்னா, கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு வேற இருக்கு, என்ன பண்ணிடப் போறான்ங்கறாரு. அன்னைக்கு ராத்திரி அந்த மீனை நான் பொரிக்கல, குப்பையில போட்டேன்.

நீ எழுதியிருந்த துப்பாக்கிக் கடைக்காரன் கதையப் படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பொம்பள உள்ள நுழைஞ்சாப் போதும், ரோஸ் கலர் பிடி போட்ட குட்டி ரிவால்வரை எடுத்து நீட்டிடுவானுங்க. இருபத்திரெண்டு வருஷம் தீவனக் கடையில துப்பாக்கி கவுண்டர்ல நின்னவ சொல்றேன், அதை வாங்காத. எடையில்லாத சின்னது பாக்கத்தான் சாது, சுட்டா உதைக்கிற உதையில அஞ்சு குண்டுக்கு மேல சுடத் தோணாது, அப்புறம் அது டிராயர்ல தூங்கும். கொஞ்சம் கனமா, நடுத்தர சைஸ்ல நைன் எம்எம் பிஸ்டல் எடு. சுண்டுவிரலும் பிடியில உக்காரணும். குண்டு ஏத்த இழுக்கற மேல்பாகத்தை நீயே பத்து தடவை பின்னால இழுத்துப் பாரு, வேணுங்கறப்ப கடைக்காரனா வந்து இழுக்கப் போறான். கைப்பையில வைக்காத, ஜூனி மிட்டாய் தேடுற பை அது. விசையை முழுசா மூடுற உறையும் கெட்டி பெல்ட்டும் வாங்கி இடுப்புல வை. அங்க பாதி வருஷம் கோட்டுதான், கோட்டு போட்டுக்கிட்டே எடுத்துப் பழகு.

இவ்வளவு வக்கணையா உனக்குச் சொல்றவதான் உன் கல்யாணத்துக்கு அவனுக்கும் ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். இந்தக் கையாலதான் அவன் உள்ளங்கைய அளந்து, அவனுக்குன்னு பாத்துப் பாத்துப் பொறுக்குனேன். ஒரு சாயங்காலம் பூரா கொல்லையில நிக்க வச்சு, உறையில இருந்து எடுக்கச் சொல்லிக் குடுத்தேன். என் பொண்ணக் காப்பாத்துவான்னு நெனச்சேன், என் புத்தியச் செருப்பால அடிக்கணும். துப்பாக்கியெல்லாம் ஒப்படைன்னு கோர்ட்டுல சொன்னப்ப வேட்டைத் துப்பாக்கி மூணையும் குடுத்துட்டு, நான் எடுத்துக் குடுத்ததை மட்டும் எப்பவோ வித்துட்டேன்னான். முந்தாநாள் கடைக்கு வந்து அதுக்குத்தான் ரெண்டு பெட்டி குண்டு கேட்டான். இல்லைன்னேன். அத்தே, மொன்டானாவுல பனி கொட்டுதாமேன்னு சிரிச்சுக்கிட்டே போனான். நேத்துல இருந்து அவன் வண்டி அவன் வீட்டு வாசல்ல இல்ல.

உன் வேலை இடத்துக்குப் போன் போட்டேன், அப்படி யாரும் இங்க இல்லைன்னாங்க, நீதான் அப்படிச் சொல்லச் சொல்லிருப்ப, கெட்டிக்காரி. இங்கயும் போலீசுக்குச் சொல்லிட்டேன், அங்கயும் சொல்லிட்டேன், பாக்கறோம்ங்கறாங்க. வீட்டு விலாசமும் தெரியாது, உன் தபால் பெட்டி நம்பர் ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு, அதனால இதை அவசரத் தபால்ல போடறேன், ரெண்டு நாள் ஆகுமாம். வண்டியில வந்தா ஒன்றரை நாள்தான் ஷெல்பி. துப்பாக்கி வாங்கறதெல்லாம் அப்புறம், இது கையில கிடைச்ச உடனே புள்ளையத் தூக்கிக்கிட்டு நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ, அந்த வீட்டுக்குத் திரும்பாத.

கர்த்தர் உன்னையும் குழந்தையையும் தன் கைக்குள்ள வச்சுக் காக்கட்டும், உங்க அப்பாவையும் என்னையும் மன்னிக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மறந்துடாத. அவன் இடது கைக்காரன், வலது கையால சட்டைய மேல தூக்கிட்டுத்தான் இடது கையால துப்பாக்கிய எடுப்பான், நான் சொல்லிக் குடுத்தது அப்படி, வேற மாதிரி அவனுக்குத் தெரியாது. அந்த வலது கை சட்டை நுனிக்குப் போறதைப் பாத்தா, என்ன சொல்றான்னு கேட்டுக்கிட்டு நிக்காத.

இப்படிக்கு,
உன்னப் பெத்தவ
வெர்னா