யாரும் தொடாத விசை

பண்டாரவளை,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் கேசினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அந்தத் தைப்பே நகரத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுத்து, தடிமன் காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்கிறோம் என்று எழுதுவதுதான் நம் வீட்டு வழக்கம். இந்த முறை அப்படி எழுத எனக்கு மனமில்லை. ஒரு குறை இருக்கிறது, பதறாமல் வாசி. எனக்குக் கண் தெரியாது மகள். ஜன்னல் எந்தப் பக்கம், சுவர் எந்தப் பக்கம் என்று வெளிச்சத்தை வைத்துச் சொல்லுவேன், அவ்வளவுதான் மிச்சம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கெடுத்துவிட்டது, இனி மருந்து விடுவது இருக்கிறதைக் காப்பாற்றத்தான் என்று பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளை சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் இதையும் கேள், இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் யாரும் இல்லாமல் நானே தட்டெழுதிக்கொண்டிருக்கிறேன். அதுவும் உன் லப்டொப் கம்பனியில் நீயும் உன் கூட்டத்தாரும் ஒருவருக்கும் வேண்டாம் என்று தூக்கப்போகிற அந்த விசையை வைத்துக்கொண்டு.

ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும், அதில் பாதியை அம்மாவுக்கும் கொடு. பிள்ளைக்குச் சொன்னால் வேலையை விட்டிட்டு வந்து நிப்பாள், பிறகு எங்களைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதுதான், வாயைத் திறக்காதேங்கோ என்று உன் அம்மா கமலாதேவி அம்மையார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நானும் சரி என்று இருந்துவிட்டேன். வீடியோவில் பேசும்போது அப்பா என்னைப் பாராமல் எங்க பாக்கிறீங்கள் என்று ஒரு நாள் கேட்டாயே, அன்றைக்கு அம்மாதான், போனை நான் சரியாப் பிடிக்கேல்லை என்று சமாளித்தாள். அப்பாவுக்குக் கை நடுங்குது, இனி நான்தான் எழுதுவேன் என்று உனக்கு அறிவித்ததும் அவள்தான். கை நடுங்கவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள் என்றுதான் நானும் இருந்தேன். பிறகு அம்மா அவசரத்தில் விடாமல் வாசித்துவிட்ட உன் பதில் ஒன்றில், அப்பா நீங்கள் சொன்ன மாதிரியே இந்தத் தீபாவளிக்கு வராமல் லீவைச் சேர்த்து வைக்கிறேன் என்று இருந்தது. நான் சொன்னது, தீபாவளிக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று. இரண்டு வருடமாக என் பெயரில் உனக்கு வந்த கடிதமெல்லாம் உன் அம்மாவின் கடிதம் மகள். அவளைக் கோபித்தும் பயனில்லை, பயத்தில் செய்கிறாள். போனில் கதைக்கும்போதும் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருப்பாள். ஆனால் வாய் இருந்தும் என் பேச்சு உன்னிடம் வந்து சேராதது, கண் போனதைவிட எனக்குப் பெரிய கவலையாகப் போனது.

போன மாதம் நீ போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். அப்பா, லப்டொப்பில ஒருத்தரும் தொடாத விசை எத்தனை கிடக்குத் தெரியுமோ, இன்செர்ட், போஸ், ஸ்குரோல் லொக், கத்திச் சண்டை பிடிக்கிற ஆக்களுக்கு மட்டும் கப்ஸ் லொக், எல்லாத்தையும் எடுக்கிறதோ எண்டு வாற மாதம் முடிவெடுக்கப்போறம், இவ்வளவு காலமும் ஏன் வைச்சிருந்தவங்கள் எண்டு எங்கட ஆக்களுக்கே விளங்கேல்லை என்றாய். லைன் வெட்டுப்பட்டது என்று நினைத்து நீ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. அந்த நேரம் என் விரல் இன்செர்ட் மேலே இருந்தது, அதனால் எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஏன் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன். நான் பூனாகலையில் தேயிலைத் தோட்டத்து ஒபீஸில் பெரிய கிளாக்கராக இருந்த காலத்து டைப்ரைட்டர் உனக்கு ஞாபகம் இருக்கும், அதன் மணிச் சத்தத்துக்காகவே நீ என் மேசைக்குக் கீழே வந்து உட்கார்ந்திருப்பாய், வரி முடிந்து மணி அடித்ததும் கீழேயிருந்து நீயும் டிங் என்பாய். அதில் பெரிய எழுத்து அடிக்க வேண்டுமென்றால் சின்னவிரலால் உள்ளே இருக்கிற பாரத்தையே தூக்க வேண்டும். தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் வரவேண்டும் என்பார் தோட்டத்துத் துரை, விரல் விண்விண் என்று வலிக்கும், அதற்காகத்தான் அமத்தினால் அப்படியே நிற்கிற பூட்டு ஒன்று வைத்தார்கள். அதுதான் உன்னுடைய கப்ஸ் லொக். இப்போது தூக்கப் பாரம் ஒன்றும் இல்லை, பூட்டு மட்டும் நிற்கிறது. ஒபீஸுக்கு முதல் கொம்பியூட்டர் வந்தபோது எழுத்தெல்லாம் திரையில் நிற்காமல் மேலே ஓடும், போஸ் அமத்தித்தான் நிறுத்தி வாசிப்போம். ஸ்குரோல் லொக் அமத்தினால் நாம் நிற்கிற இடம் நிற்க, தாள் மட்டும் நகரும். அந்த ஒபீஸை நினைத்தால் எனக்கு நெஞ்சு இளகிப்போகிறது மகள். பின்னேரம் ஜன்னலால் பனி உள்ளே வந்து தாளெல்லாம் நமுத்துப்போகும், கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் கதைக்கிற சத்தம் கேட்கும், தொழிற்சாலையில் இருந்து தேயிலை வாடுகிற மணம் வரும், மேசைக்குக் கீழே நீ. அப்போது அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

வேண்டாததை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று உன் கூட்டத்தார் கேட்கிறார்கள். பூனாகலையில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற இராக்கம்மா இப்போது நம் வீட்டில் அம்மாவுக்குச் சமையலில் உதவிக்கு வருகிறாள். எல்லோர் கையிலும் போன் வந்த பிறகும் தோட்டத்தில் காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடுகிற பெரட்டுக்குச் சங்கு ஊதுகிறார்களே, அது எதற்கு என்று அவளிடம் கேட்டேன். போன்ல மணி பாக்கலாமுங்க ஐயா, ஆனா சங்கு கேட்டாத்தானே கால் நகருது என்றாள். எங்கேயோ ஒரு பழைய வேலை அந்த விசையை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கும், எங்கேயோ ஒரு விரல் அதற்குப் பழகியிருக்கும். அதனால்தான் யாரும் துணிந்து எடுக்காமல் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிற அஸீஸை உனக்குத் தெரியும், உன் கம்பஸ் லப்டொப்பைத் திருத்தித் தந்தவர். ஒரு நாள் அம்மாவோடு போனபோது நான் மேசையைத் தடவுவதைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் வீட்டுக்கு வந்து அதே பழைய லப்டொப்பில் திரையை வாசித்துச் சொல்கிற ஒன்றைப் போட்டுத் தந்தார். இன்செர்ட்டை அமத்திக்கொண்டு ஒரு அம்பை அழுத்தினால் நிற்கிற வரியை வாசிக்கும், இன்னொன்றை அழுத்தினால் மணி சொல்லும். எல்லாக் கட்டளைக்கும் அந்த ஒரு விசைதான் வாசற்படி. மற்றவர்கள் தொடாத விசை என்பதால்தான் இதற்கென்று எடுத்துக்கொண்டார்கள் என்றார். சேர், ஒங்களுக்கு நான் ஒண்டும் படிச்சித் தரத் தேவல்ல, வெரலுக்கு எல்லாம் தெரியுதே என்றும் சொன்னார். பதுளையில் நான் டைப்பிங் படித்தபோது கையைப் பார்க்கக் கூடாதென்று மேலே துணியைப் போட்டு மூடுவார்கள், அந்தப் பழக்கம் இப்போது உதவுகிறது. அந்தக் குரல் மட்டும் புதிதாக வந்த துரை தமிழ் கதைப்பது போல இருக்கும், எங்கே அழவேண்டும் எங்கே சிரிக்கவேண்டும் என்று அதற்குத் தெரியாது. அம்மா நான் செய்தி கேட்கிறேன் என்று நினைக்கிறாள், உந்தப் பெட்டியோட என்ன குசுகுசுப்பு என்கிறாள்.

இன்செர்ட் லேசான ஆளும் இல்லை. முந்தாநாள் உனக்கு ஊர்ப் புதினம் எழுதினேன், அம்மாவுக்கு முழங்கால் வலி என்று ஒரு வரி, பெயார்ஸ் மரம் இந்த முறை கொப்பு முறியக் காய்த்திருக்கிறது என்று அடுத்த வரி. நடுவில் எண்ணெய் போட்டுத் தேய்க்கிறோம் என்று சேர்க்கப் போனேன். அவசரத்தில் விசையை இரண்டு தரம் தட்டிவிட்டேன் போல, அப்படித் தட்டினால் புதிதாக அடிக்கிறது முன்னால் இருக்கிற எழுத்தை விழுங்கிக்கொண்டே போகுமாம். எனக்கு எப்படித் தெரியும். வாசிக்கச் சொன்னால், அம்மாவுக்கு முழங்கால் வலி, எண்ணெய் போட்டுத் தேய்க்கிறோம், கொப்பு முறியக் காய்த்திருக்கிறது என்று அந்தத் துரை ஒரு சிரிப்பும் இல்லாமல் வாசிக்கிறார். நான் தனியே இருந்து கண்ணீர் வரச் சிரித்தேன். உண்மையில் முழங்கால் பரவாயில்லை, இன்றைக்கு இராக்கம்மாவோடு கோவிலுக்குப் போயிருக்கிறாள், அந்த இடைவெளியில்தான் இதை எழுதுகிறேன். மழையும் விட்டிருக்கிறது, மண்சரிவு எச்சரிக்கை இந்தப் பக்கம் இப்போது இல்லை.

இந்த லப்டொப்புக்கு வயதாகிவிட்டது, பற்றரி செத்து வயரில்தான் உயிர். அஸீஸ் புதிதாக வந்த ஒன்றை என் கையில் தந்து பார்க்கச் சொன்னார், மெல்லியதாக அழகாக இருந்தது. மூலையில் இன்செர்ட்டைத் தேடினேன். படி இருக்கும் என்று கால் வைத்த இடத்தில் படி இல்லாதது போல இருந்தது. பயந்துவிட்டேன் மகள். கப்ஸ் லொக்கையும் அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் தைரியம் சொன்னார். நீ அதையும் எடுக்கப்போகிறாய். உன் வேலையில் தலையிட எனக்கு அறிவு காணாது, ஸ்குரோல் லொக்கை எடு, போஸை எடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இரண்டில் ஒன்றை விட்டுவை. என் அப்பாவுக்குக் கண் தெரியாது என்று அங்கே நின்று சொல்லாதே, இரக்கப்பட்டு வைத்தால் அடுத்த முறை எடுத்துவிடுவார்கள். எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று மட்டும் எண்ணாமல், தொடுகிறவருக்கு அது இல்லாவிட்டால் என்ன மிச்சம் என்றும் கேட்கச் சொல்.

கடைசியாக ஒன்று. நீ எழுதுவதை அம்மாதான் போனில் பார்த்து எனக்கு வாசிக்கிறாள். அவள் குரல் எங்கே தடுக்குகிறது என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஆவணியில் நீ அனுப்பியதில், அப்பாட்டை ஒண்டு கேக்கவேணும் என்ற வரி வரை வாசித்தாள். பிறகு நின்றாள். அடுப்பில ஏதோ தீயுது என்று எழும்பிப் போனாள். ஒன்றும் தீயவில்லை, கண் போனாலும் மூக்கு இருக்கிறது. திரும்பி வந்து, நல்லா இருக்கிறன் எண்டு எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான் என்றாள். நான் பதில் சொல்லவில்லை என்று நீ இத்தனை மாதமாக என்ன நினைத்துக்கொண்டிருந்தாயோ, அதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. கோபம் என்று நினைத்தாயா, விருப்பமில்லை என்று நினைத்தாயா. யாரையாவது மனதுக்குப் பிடித்திருக்கிறதா, உடம்புக்கு ஏதுமா, திரும்பி வந்துவிட நினைக்கிறாயா, ஒன்றும் எனக்குத் தெரியாது.

நீ எங்கே இருந்தாலும் கடவுள் துணையிருப்பார், என் கை உன் தலைமேல் இருக்கிறது என்று நினைத்துக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. இந்தக் கடிதம் வருகிற மெயில் முகவரி அஸீஸ் எனக்கென்று தனியாகத் திறந்தது, அம்மாவின் போனுக்குப் போகாது. மறக்காமல் இதற்கே எழுது. கேட்டதை இன்னொரு முறை என்னிடம் கேள் மகள், இந்த முறை நானே வாசிப்பேன்.

உன் அன்பு அப்பா,
சிதம்பரநாதன்