ஹார்ட் டிஸ்கும் மெயிலில் வந்த தலையும்

பிப்ரவரி 7, 2011. நகரி
ஹார்ட் டிஸ்கைச் செருகினால் நீல விளக்கு எரிகிறது. கம்ப்யூட்டரோ அப்படி ஒன்று வந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கல்யாணப் படங்கள் மொத்தமும் அதற்குள். ஆல்பம் போடுவதற்கு முன்பே திருப்பதி ஸ்டுடியோக்காரர் இதைக் கையில் கொடுத்துவிட்டு, கடையை மூடிக்கொண்டு பெங்களூரு போய்விட்டார். அடுத்த மாதம் சென்னையில் விசா இன்டர்வியூ. கல்யாணம் நடந்ததற்குப் படம் காட்ட வேண்டும். கட்டியவர் டல்லாஸில், தாலி என் கழுத்தில் - அது போதாதாம்.

பிப்ரவரி 8
டல்லாஸ் போன். "ரீஸ்டார்ட் பண்ணியா?" பண்ணினேன். "ஒயர் சரியா சொருவினியா?" செருகினேன். "நல்லாப் பாத்து சொல்லு ரூபா. கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணுன்னுதானே கட்டிக்கினேன்."
திருப்பதியில் ஒரு பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியவள் நான். அந்த வேலையை விடச் சொன்னதும் இதே சந்திரசேகர் துரைதான். துரைக்கு அங்கே வேலை, யாரோ எழுதிய புரோகிராமில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. நல்ல வேலைதான். பேச்சு மட்டும் கம்ப்யூட்டரையே இவர் கண்டுபிடித்த மாதிரி.

பிப்ரவரி 10
வேறு ஒயர் போட்டேன். விளக்கு எரிகிறது. அவ்வளவுதான்.

பிப்ரவரி 12
இன்று புது யோசனை. "அத்த வுடு. நீ பட்டுப்புடவ கட்டிக்கினு ஒரு போட்டோ எடு. நான் என் போட்டோவ அனுப்பறேன். ஸ்டுடியோவுல பக்கத்துல ஒட்டச் சொல்லு."
"பொய்ப் படத்த விசா ஆபீஸ்ல காட்டறதா?"
"அவங்களுக்கு இன்னா தெரியும்?"
சாயங்காலம் மெயிலைத் திறந்தால் துரையின் தலை வந்திருக்கிறது. பாஸ்போர்ட் சைஸ். டை வேறு. அம்மாவிடம் காட்டினேன், சிரிப்பாள் என்று. "மாப்ள எளச்சிட்டாரு" என்கிறாள்.

பிப்ரவரி 13
யாரைக் கட்டிக்கொண்டேன் நான்?

பிப்ரவரி 15
ஒட்ட மாட்டேன் என்றேன். "அப்ப பார்மேட் அடி, டிஸ்க் தெரிஞ்சிடும்" என்றார். தெரியும், காலி டிஸ்க். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்த பிறகு தெரிந்து என்ன? அமெரிக்கா போய் இதைத்தான் கற்றாரா?
போனை வைத்துவிட்டு நானே உட்கார்ந்தேன். இது பழைய கம்ப்யூட்டர். முன்பக்கத்தில் விளக்கு எரிகிற அளவுக்குத்தான் கரண்ட் வருகிறதோ? பின்பக்கம் மாற்றிச் செருகினேன். உள்ளே தட்டு சுற்றும் சத்தம். மை கம்ப்யூட்டரில் அப்போதும் காணோம். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய்ப் பார்த்தால் இருக்கிறது, எழுத்துதான் இல்லை. சி, டி என்று மற்றதற்கெல்லாம் இருக்கிற மாதிரி இதற்கும் ஒரு எழுத்து கொடுத்தேன். திறந்துவிட்டது.

பிப்ரவரி 16
திறந்துவிட்டது என்று டல்லாஸுக்குச் சொன்னேன். "பாத்தியா, நான் சொன்னத செஞ்சா வந்துடுச்சி."

பிப்ரவரி 17
எல்லாப் படத்தையும் பார்த்தேன். துரை மாலையோடு நிற்கும்போது காதில் போன். பந்தியில் போன். போட்டோகிராபர் கூப்பிட்டபோது மட்டும் நிமிர்ந்திருக்கிறார். என்னைப் பார்க்கிற படம் ஒன்றாவது - கடைசி வரைக்கும் தேடினேன். அந்தத் தலையை ஒட்டியிருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும்.
போனில் கேட்டேன். "அங்க நான் வேலைக்குப் போலாமா?"
"இந்த விசாவுல முடியாது. சோறு ஆக்கிக்கினு, வீட்ட பாத்துக்கினு இரு. உனக்கு இன்னா கொறச்சல்?"

மார்ச் 3
அகிலா கூப்பிட்டாள். பயிற்சி மையத்தில் என்னோடு பாடம் நடத்தியவள். "புது பேட்ச் சேருது, ஆள் பத்தல. வரியாடி?" வரேன் என்றேன். பிறகுதான் வீட்டில் சொன்னேன். அம்மா அழுதாள். நைனா ஓடுகிற தறியையே பார்த்துக்கொண்டு நின்றார்.
டல்லாஸுக்கும் சொன்னேன், இன்டர்வியூவுக்குப் போகப் போவதில்லை என்று.
"பைத்தியமா உனக்கு? ஊரே சிரிக்கும்."
"சிரிக்கட்டும்."
"அந்தப் போட்டோ எல்லாம்?"
"காப்பி போட்டு அனுப்பறேன். ஒட்டாம."

மார்ச் 21
காலையில் நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூடவே நடந்தார். திருப்பதி பஸ் கண்டக்டர் அவருக்குத் தெரிந்தவர். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, பெண் அமெரிக்கா போகவில்லையா என்று தெலுங்கில் கேட்டார்.
கீழே நின்ற நைனா முந்திக்கொண்டார். "டூட்டிக்குப் போவுது" என்றார், தமிழிலேயே, பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.