பனிமலை ரேஸ்

11.6.2005, சனி

பிரவுசிங் சென்டர் குமார் அண்ணனை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அண்ணன் என்ன அண்ணன்! கார் ரேஸ் கேமுக்குள் நம்ம ஈ.சி.ஆர் ரோட்டையும் அவன் வீட்டு உப்பளத்தையும் நாலு மாதம் உட்கார்ந்து வரைந்து சேர்த்தவள் நான். அதை சிடி போட்டுப் பாண்டிச்சேரியில் விற்கிறான். எனக்கு என்ன தருவீங்க என்று இன்று கேட்டேவிட்டேன்.

"ஏம்மா ஸ்டெல்லா, கேம் எவனோ வெள்ளைக்காரன் பண்ணது. நீ மேல பெயிண்ட்தானே அடிச்ச?" என்று சிரித்தான்.

"உங்க உப்பளத்துக்கு வர்ற கடல் தண்ணி மட்டும் நீங்க பண்ணதா? உப்பு வாருற எங்கம்மாவுக்குக் கூலி குடுக்குறீங்க இல்ல?"

"அது வேலை. இது வெளாட்டு."

"வெளாட்டை எதுக்கு விக்கிறீங்க?"

அப்போதுதான் மேசையில் கிடந்த சிடி அட்டையைப் பார்த்தேன். 'பனிமலை ரேஸ்' என்று போட்டிருந்தது. உப்பு என்று போட்டால் பாண்டியில் எவனும் வாங்க மாட்டானாம். நான் வரைந்த உப்புக் குவியல் எல்லாம் பனிமலையாம்!

சாயங்காலம் அம்மா காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். உப்பு அரித்த வெடிப்பில் கை பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்தப் பனியில் அவன் ஒரு மணி நேரம் வெறுங்காலோடு நிற்கட்டும்.