புங்கனேரி ஸ்டேஷனில் உன் அப்பா

புங்கனேரி,
திருச்சி மாவட்டம்.

சௌபாக்கியவதி யமுனாவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒரு குறையுமில்லை, அந்தக் கனடா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசலாமென்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

நம் ஸ்டேஷன் உனக்கு நினைவிருக்கும், ஊர் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், பிளாட்பாரம் அந்தப் பக்கம். ஹாரன் கேட்டால் வண்டி வந்து நிற்பதற்குள் குறுக்கே ஓடி ஏறிவிடுவோம், ஸ்ரீரங்கத்துக்குப் பூ கொண்டுபோன பெண்களும் பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்குப் போன உன் அப்பாவும் அப்படித்தான் ஏறினார்கள். பாதிப் பேர் டிக்கெட்டே எடுக்கவில்லை, வருமானமில்லை என்று ஸ்டேஷனைப் பூட்டிவிட்டார்கள், அப்புறம் ஊரே கூடி அழுது என்ன பிரயோஜனம். இப்போது கரண்ட் வண்டிகள் நிற்காமல் பறக்கின்றன, ஊர்க்காரர்களின் கால் மட்டும் ஹாரன் கேட்டால் பழையபடியே ஓடுகிறது.

போன மாதம் பூக்காரப் பாப்பாயி ஹாரன் கேட்டதும் விலகாமல் குறுக்கே ஓடினாள், பின்னால் வந்த உன் அப்பா இழுத்ததால் பிழைத்தாள். அன்றிலிருந்து தினமும் அங்கே உட்கார்ந்து வருகிறவர் போகிறவரையெல்லாம் அதட்டுகிறார். வேண்டாமென்றால், ஒரு உயிர் போனால் நீ பதில் சொல்வாயா என்று என் மேல் பாய்கிறார். வெள்ளிக்கிழமை நான் சாப்பாடு கொண்டுபோனேன். ஹாரன் அடித்தது. பேசிக்கொண்டிருந்த மனுஷன் சட்டென்று எழுந்து தண்டவாளத்தை நோக்கி ஓடினார் யமுனா. சாப்பாட்டுத் தூக்கைக் கீழே போட்டுவிட்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன், இரண்டு பேரும் ஜல்லியில் விழுந்தோம், வண்டி போய்விட்டது. "கால் தானா போயிடுச்சு ஜோதி, புள்ளைகிட்ட சொல்லிடாத" என்றார்.

ரயில்வேக்காரர்கள் வேலி போடும்வரை போவேன் என்கிறார், நீ சொன்னாலாவது கேட்பார். அதுவரை நானும் கூடப் போய் உட்காருகிறேன், தூரத்தில் ஹாரன் கேட்டதும் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் பார்க்க அவர் கையைப் பிடித்ததில்லை. இப்போது ஊரே பார்க்கிறது, கடைசிப் பெட்டி போகும்வரை நான் விடுவதில்லை.

நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம், பாப்பாயி விஷயம் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதாகப் பேசு. அங்கே கார்கள் மாறுபக்கம் ஓடுமாமே, பழக்கத்தில் தப்புப் பக்கம் பார்த்து ரோட்டைத் தாண்டிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜோதி